காஞ்சிக்கு வந்து சேர்ந்த அத்தி விழுது

பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வயலூரை ஒட்டி, வசவசமுத்திரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1970ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தபோது உறைகிணறுகள் வெளிப்பட்டன. கூம்பு போன்ற அடியுடைய ஜாடிகள் கிடைத்தன. அவற்றோடு, மத்தியதரைக் கடல் நாடுகளில் வனைந்து கப்பலேறி வந்த ஆம்போரா எனும் இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. காஞ்சியிலிருந்து ஆற்றோடு நடந்தால் வந்து சேரும் கடற்கரை இது. தலைநகரின் துணி இந்த வழியாகப் போயிருக்க வேண்டும், மேற்கத்திய ஜாடி இந்த வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமிருக்கிறது.

அந்த ஜாடிகளில் என்ன இருந்திருக்கும்? புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த இதே வகை ஓடுகளைப் பிற்காலத்தில் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பெரும்பாலானவை திராட்சை மது வந்த ஜாடிகள். சில ஆலிவ் எண்ணெய் வந்தவை. இன்னும் சில, மீனை உப்பிலிட்டுப் புளிக்கவைத்து எடுக்கும் காரம் என்ற ரோமானியக் குழம்பு வந்தவை. தமிழ் மண்ணில் ஆலிவின் முதல் தடம் இந்த ஓடுகளில்தான் இருக்கிறது. அத்தியும் ஆலிவும் சேர்த்து அரைத்த விழுதை நட்சத்திர விடுதிகள் நேற்றுக் கொண்டுவந்த புதுமையாக யாராவது பேசினால் எனக்கு வசவசமுத்திரம் நினைவுக்கு வரும். அந்த விழுதில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் காஞ்சியில் ஓர் உறவு உண்டு. சில உறவுகள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை.

ரொட்டித் துண்டின் மேல் தடவி, சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கைத் தட்டியெழுப்புவதற்காகச் சாப்பிடும் விழுது அது. உப்பில் ஊறிய கறுப்பு ஆலிவ், வேகவைத்த உலர் அத்திப்பழம், கேப்பர் என்னும் ஊறுகாய் மொட்டு, எலுமிச்சைச் சாறு, பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து அம்மியில் கரகரப்பாக அரைபடுகிறது. உப்பு, கசப்பு, துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு ஐந்தும் ஒரே வாயில் வருகின்றன. நம் கணக்கில் இது துவையல்.

துவையல் என்று நான் உரிமையோடு சொல்லக் காரணம் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு, ரோமானியரான கேட்டோ தன் வேளாண்மை நூலில் ஓர் ஆலிவ் விழுதின் செய்முறையை எழுதிவைத்தார். கொட்டை நீக்கிய ஆலிவை நறுக்கி, எண்ணெயும் காடியும் விட்டு, கொத்தமல்லி, சீரகம், சோம்பு, அருவதா, புதினா சேர்க்கச் சொல்கிறார். அருவதாவையும் ஆலிவையும் எடுத்துவிட்டால் மீதமிருப்பது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் கீரைக்காரம்மாவின் கூடையும்தான். முதல் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, உலர்ந்த அத்திப்பழத்தை மிதித்துக் குழைத்து, வறுத்த எள், சோம்பு, சீரகம் சேர்த்து உருட்டி, அத்தி இலையில் சுற்றி வைக்கும் முறையைச் சொல்கிறார். ஆலிவுக்கு ஒரு விழுது, அத்திக்கு ஒரு விழுது. இரண்டும் சேர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

இன்று உலகம் அறிந்த வடிவம் பிரான்சின் தென்கரையில், மார்செய் துறைமுகத்தில் பிறந்தது. 1880இல் அங்கே ‘லா மெசோன் தோரே’ என்ற உணவகத்தில் மெனியே என்ற சமையற்காரர் கேப்பரையும் கறுப்பு ஆலிவையும் சரிபாதி எடுத்து, நெத்திலியும் சூரையும் சேர்த்து இடித்து, வேகவைத்த முட்டைக்குள் வைத்துப் பரிமாறினார். தாப்பனாட் என்ற பெயர் அந்த வட்டார மொழியில் கேப்பருக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது. மார்செய் நகரமே, கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கிக் கரையிலிருந்து போன கிரேக்கர்கள் அமைத்த குடியேற்றம். அவர்கள் கிளம்பிய போசேயா, அத்திக்குப் பேர்போன ஸ்மிர்னாவுக்கு, அதாவது இன்றைய இஸ்மிருக்கு, அருகில்தான் இருக்கிறது.

அந்த விழுதில் நெத்திலியைப் பார்த்ததும் நமக்குச் சதுரங்கப்பட்டினமும் கோவளமும் கண்ணில் வரும். அங்கே மணலில் காயும் கருவாட்டை வறுத்து இடித்தால் பழைய சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். கேப்பரைப் பற்றிக் காஞ்சிக்காரர்கள் இன்னும் நெருக்கமாகப் பேசலாம்.

காஞ்சி தொண்டை நாட்டின் தலைநகர். தொண்டைக் கொடியை மாலையாகச் சூடியவர்கள் தொண்டையர். அந்தக் கொடி கோவை என்பாரும் உண்டு, ஆதொண்டை என்பாரும் உண்டு. ஆதொண்டை, கேப்பரின் இனத்தைச் சேர்ந்த முட்கொடி. மத்தியதரைக் கடலோரத்துப் பாறை இடுக்குகளில் முளைக்கும் கேப்பரும் நம் புதர்க்காட்டில் படரும் ஆதொண்டையும் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்படுகின்றன. அங்கே விரியாத பூமொட்டைப் பறித்து உப்பில் போடுகிறார்கள். இங்கே காயை நறுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஆதண்டங்காய் வற்றல் என்று டப்பாவில் அடைத்துவைக்கிறோம். குழம்பில் போட்டாலும் எண்ணெயில் பொரித்தாலும் அந்தக் கசப்பு நாவின் பின்புறத்தில் நிற்கும். ஒரு நாட்டுக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் கொடியின் காய், இன்று நாட்டு மருந்துக் கடையிலும் வற்றல் விற்கும் கடைகளிலும் மட்டுமே கிடைக்கிறது. எனக்கு இது வருத்தமான செய்தி.

தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியை ஆண்ட காலத்தில் அவனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சிக்குப் போகும் வழியில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதை இவ்வளவு அக்கறையோடு சொல்லும் பாட்டு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அதில் ஓர் அந்தணர் வீட்டில் மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வதக்கி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துச் சோற்றோடு தருகிறார்கள். கூடவே மாவடு ஊறுகாயும் வருகிறது. துவர்க்கும் காயும், கொழுப்பும், காரமும், உப்பில் ஊறிய புளிப்பும் ஒரே இலையில். ஆலிவ் விழுது தேடுகிற சுவைக்கூட்டும் இதுதான். நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் அந்தப் பாட்டு சொல்கிறது. அது வசவசமுத்திரமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி அத்தி. இந்த விழுதின் பயணத்தில் அதிக தூரம் நடந்தது அதுதான்.

யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,400 ஆண்டுப் பழமையான கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்ததாக 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவை விதை முளைக்காத வகை என்றும், மனிதர் கிளையை நட்டுத்தான் அந்த மரத்தைப் பெருக்கியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அது சரியென்றால், கோதுமையைப் பயிரிடுவதற்கும் முன்பே மனிதர் கைவைத்து வளர்த்த மரம் அத்தி. இந்தியாவுக்கு அது வந்த கதையில் ஒரு மன்னர் இருக்கிறார். சந்திரகுப்த மௌரியரின் மகன் பிந்துசாரர், சிரியாவை ஆண்ட அந்தியோகஸுக்குக் கடிதம் எழுதி, இனிப்பு மதுவும் உலர்ந்த அத்திப்பழமும் ஒரு தத்துவ ஆசிரியரும் விலைக்கு வேண்டும் என்று கேட்டாராம். மதுவும் பழமும் அனுப்புகிறேன், ஆசிரியரை விற்பது எங்கள் நாட்டு வழக்கமில்லை என்று பதில் வந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் அதேனியஸ் குறித்திருக்கிறார். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே பாடலிபுத்திரத்து அரண்மனைக்கு மேற்கத்திய அத்தியின் மேல் ஆசை இருந்திருக்கிறது.

இது சீமை அத்தி. நம் மண்ணின் அத்தி வேறு மரம். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் தானாக வளர்ந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் பெருமரம் அது. பழம் சிவந்து சிறுத்திருக்கும். இரண்டுக்கும் பொதுவான அதிசயம், பூ வெளியே தெரியாது என்பது. பூக்கள் எல்லாம் காய்க்குள்ளே உட்புறம் நோக்கி மலர்கின்றன. எப்போதாவது வருகிறவரை ‘அத்தி பூத்தாற்போல’ வந்தார் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த மறைந்த பூவுக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பது எறும்பினும் சிறிய ஒரு குளவி. பெண் குளவி காயின் நுனித் துளை வழியே சிறகு பிய்ந்து விழ உள்ளே நுழைகிறது. மகரந்தம் சேர்க்கிறது, முட்டையிடுகிறது, அங்கேயே இறக்கிறது. நாட்டு அத்திக்கு ஒரு குளவி, சீமை அத்திக்கு வேறொரு குளவி.

குளவி இல்லாமல் மரம் மட்டும் பயணம் போனால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியா விவசாயிகள் பெருஞ்செலவில் கற்றார்கள். 1769இல் சான் தியேகோவில் பாதிரிமார் நட்ட கறுப்பு அத்திக்குக் குளவி தேவைப்படவில்லை. ஆனால் 1880களில் ஸ்மிர்னாவின் உயர்ந்த ரகத்தைக் கொண்டுபோய் நட்டபோது மரம் தழைத்தது, காய் முற்றாமல் உதிர்ந்தது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனது. ஸ்மிர்னா விவசாயிகள் காட்டு அத்திக் காய்களைக் கோத்துத் தோட்ட மரங்களில் தொங்கவிடும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். அந்தக் காட்டுக் காய்க்குள்தான் குளவி இருந்தது. கடைசியில் 1899இல் ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்பவரின் தோட்டத்தில் குளவி குடியேறியது. அதன் பிறகே பழம் கனிந்தது. ஸ்மிர்னா விவசாயிகளின் முறையில் காரணம் இருந்தது. உள்ளூர் அறிவை ஏளனம் செய்யும் எவருக்கும் இந்த வரலாற்றை நான் சொல்லுவேன். ஆலிவோடு அத்தியைச் சேர்த்து அரைக்கும் இன்றைய வடிவம் இதே கலிஃபோர்னியாவிலும் பரவியிருக்கிறது. அங்கே இரண்டு மரங்களும் ஒரே மண்ணில் விளைகின்றன.

காஞ்சியில் அத்தி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பழம் அல்ல, பெருமாள். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் அமைந்திருக்கும் குன்றுக்கே அத்திகிரி என்று பெயர் வழங்குகிறது. பிரம்மன் செய்த வேள்வியில் தோன்றிய பெருமாளுக்கு அத்தி மரத்தில் திருமேனி செய்யப்பட்டது என்பது தல வரலாறு. அத்தி வரதர் என்று அழைக்கப்படும் அந்தத் திருமேனி இன்று அனந்த சரஸ் திருக்குளத்தின் நீருக்கடியில், நீராழி மண்டபத்தில் பள்ளிகொண்டிருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறது. 1979இல் வந்தது. அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம் நடந்தது. ஜூலை முழுவதும் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அந்தச் சிறிய ஊருக்கு வந்தார்கள். பட்டுக்கடைத் தெருக்களும் நெசவாளர் வீதிகளும் கூட்டத்தில் திணறின.

மரத்தால் ஆன திருமேனி நாற்பது ஆண்டு நீரில் கிடந்து எப்படி அழியாமல் வருகிறது? பக்தர்களுக்கு அதற்கு ஒரு விடை உண்டு, அதை நான் மதிக்கிறேன். மரத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு விடை உண்டு. அத்தி, நிலத்தில் வைத்தால் சீக்கிரம் உளுத்துப்போகும் மென்மரம். ஆனால் தண்ணீருக்குள் நெடுநாள் தாங்கும். கிணற்றுக்குள் வைக்கும் சட்டங்களுக்கு அத்தி மரத்தைப் பயன்படுத்தும் வழக்கத்தை மரங்களைப் பற்றி எழுதிய பழைய நூல்கள் குறிக்கின்றன. காற்றுப் புகாத சேற்றிலும் ஆழ்ந்த நீரிலும் மரத்தை அரிக்கும் உயிர்கள் வாழ்வது அரிது. நிலத்தில் நிற்காத மரத்தை நீரில் வைத்துக் காத்தவர்கள், அந்த மரத்தின் இயல்பைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஊரில், வேகவதிக்கு அப்பால், திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. ஜினகாஞ்சி என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியின் திரைலோக்கியநாதர் கோயிலில் 1387இல் விஜயநகரத் தளபதி இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபமும் விதானத்து ஓவியங்களும் உண்டு. சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து உதும்பரப் பழங்களில் அத்தி ஒன்று. ஆல், அரசு முதலியவற்றின் பழங்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. காரணம் அந்தக் குளவிதான். பழுத்த நாட்டு அத்தியைப் பிட்டால் உள்ளே சிற்றுயிர்கள் இருக்கும். அவற்றைக் கொல்லாமல் அந்தப் பழத்தைத் தின்ன முடியாது. அமெரிக்காவில் தோட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்து கண்டுகொண்ட உண்மையை, அறநெறியின் பக்கமிருந்து சமணர்கள் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கண்டு நெறியாக்கிவிட்டார்கள்.

பௌத்தமும் காஞ்சியில் செழித்திருந்தது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்த ஊரின் விகாரங்களைப் பற்றி எழுதினார். கௌதமருக்கு முந்தைய புத்தர்களில் கோணாகமனர் ஞானம் பெற்றது அத்தி மரத்தடியில் என்பது பௌத்த மரபு. ஒரு நெறியார் அதைத் திருமேனியாகக் கண்டார்கள், இன்னொரு நெறியார் அதன் கனியை உயிரிரக்கத்தால் தவிர்த்தார்கள், மற்றொரு நெறியார் அதன் நிழலில் ஞானத்தைக் கண்டார்கள். ஒரு மரத்தை இவ்வளவு தீவிரமாகச் சிந்தித்த ஊர் வேறு உண்டா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இத்தனை பெருமைக்கு நடுவே அத்திக்காய் நம் அடுக்களையை விட்டு மெல்ல வெளியேறிவிட்டது. முற்றாத பிஞ்சைப் பறித்து, நான்காகக் கீறி, பால் போக மஞ்சள் கலந்த மோரில் போட்டு, அலசி வேகவைத்துப் பொரியல் செய்வார்கள். பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைப்பார்கள். உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்த அத்தி வற்றலும் உண்டு. வயிற்றுக் கடுப்புக்கும் மூலத்துக்கும் அந்தத் துவர்ப்பு நல்லது என்று சித்த மருத்துவம் சொல்கிறது. இன்று ‘அத்திப்பழம்’ என்று கடையில் கேட்டால், கயிற்றில் மாலையாகக் கோத்துத் தட்டையாக அமுங்கிய சீமை அத்தியை எடுத்துத் தருகிறார்கள். அதில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. துருக்கியின் அய்தின் பகுதியிலிருந்தும் உலகெங்கும் உலர் அத்தி போகிறது. நம் நாட்டில் புனேயை அடுத்த புரந்தர் அத்தி 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. எல்லை மூடினாலும் திறந்தாலும் காந்தஹார் அத்தியின் விலையைச் சென்னைக் கடைத்தெரு உணர்கிறது. அந்த மாலையை நான் குறை சொல்லவில்லை, அது நல்ல பழம். பெருமாளாக வணங்கும் மரத்தின் காயை ஊர்ப்பிள்ளைகள் கறியாகச் சாப்பிட்டதில்லை என்பதுதான் குறை.

ஆலிவின் கதை வேறு மாதிரி. ஆம்போராக் காலத்துக்குப் பின் தமிழர் அந்தப் பழத்தை நெடுங்காலம் கையில் தொடவில்லை. ஆனால் செவியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அப்போதிருந்து ஒலிவ மலையும் ஒலிவ மரமும் பழத்தைப் பார்த்தேயிராத தமிழ்க் கிறித்தவர்களின் பழக்கத்துக்குள் வந்தன. குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்துக்கு அத்தி என்றே பெயர். அது அத்தியின் மீதும் ஆலிவின் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறது. இரண்டையும் ஒருங்கே ஓதிவரும் தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. சைத்தூன் எண்ணெயை அவர்கள் வீடுகள் முன்பே அறியும். ராஜஸ்தானில் 2007இல் இஸ்ரேலியக் கன்றுகளோடு ஆலிவ் சாகுபடித் திட்டம் தொடங்கி, 2014இல் பிகானேர் பக்கம் லூன்கரன்சரில் எண்ணெய் ஆலையும் வந்தது. குளிர்காலத்தில் நன்றாகக் குளிராத நிலத்தில் ஆலிவ் பூக்காது. ஆகவே தொண்டை நாட்டில் அது விளையாது, புட்டியில்தான் வரும். ஆனால் அதன் குடும்பத்தார் காஞ்சியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மல்லிகையும் முல்லையும் ஆலிவ் குடும்பத்துச் செடிகள்.

மரத்திலிருந்து பறித்த ஆலிவை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசக்கும். உப்புநீரில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊறி, கசப்பு இறங்கிய பிறகுதான் அது உணவாகிறது. நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எடுத்துச் சாப்பிடும் நம் வீடுகளுக்கு இந்தப் பொறுமை தெரிந்ததுதான்.

இனிச் செய்முறை. உலர்ந்த சீமை அத்தி நூறு கிராம் எடுத்துக் காம்பைக் கிள்ளி, நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் மெல்லிய தீயில் மெத்தென்று வேகவிட வேண்டும். தண்ணீர் பாகுபோலச் சுண்டும்போது இறக்கலாம். கொட்டை நீக்கிய கறுப்பு ஆலிவ் நூற்றைம்பது கிராமை ஒருமுறை அலசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உப்பு மிஞ்சிவிடும். கேப்பர் தேடி அலைய வேண்டாம். ஆதண்டங்காய் வற்றல் எட்டுப் பத்துத் துண்டு எடுத்து நல்லெண்ணெயில் கருகாமல் பொரித்தால் போதும், கசப்பின் வேலையை அது இன்னும் கம்பீரமாகச் செய்கிறது. பூண்டு சேர்ப்பவர்கள் ஒரு பல் வைக்கலாம். சேர்க்காத வீடுகளில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம். பத்து மிளகு, வறுத்த சீரகம் கால் தேக்கரண்டி, அரை மூடி எலுமிச்சையின் சாறு. முதலில் மிளகு, சீரகம், வற்றலை அம்மியில் பொடித்துவிட்டு, ஆலிவைச் சேர்த்துத் தட்டி, அத்தியைக் கடைசியில் வைத்து ஓட்ட வேண்டும். மிக்சியில் செய்தால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். மைபோல அரைத்துவிட்டால் அத்தி விதை பல்லில் நறநறக்கும் சுகம் போய்விடும். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடைசியில். ஆலிவ் எண்ணெய்தான் என்ற கட்டாயமில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இந்த விழுதில் ஆழமாக இறங்குகிறது. எள்ளையும் அத்தியையும் கொலுமெல்லாவே சேர்த்துவைத்துவிட்டார். உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. ஒருநாள் வைத்திருந்து மறுநாள் எடுத்தால் சுவை ஒன்றோடொன்று கலந்து தணிந்திருக்கும்.

ஆலிவ் வாங்க வழியில்லாத வீட்டில் மாவடுவைச் சதைபிரித்துப் போடலாம். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்து ஊருக்கு அது இன்னும் பொருத்தம். சுவை வேறாகும், தரம் குறையாது.

எதன்மேல் தடவுவது என்பதற்கும் காஞ்சியில் விடை இருக்கிறது. வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் குடலை இட்லி, மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வெந்து வருவது. பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் எல்லாம் அதில் உண்டு. பிரசாதத்தின்மேல் வேறெதையும் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் வீட்டில் அதே கூட்டில் செய்த காஞ்சிபுரம் இட்லியை மறுநாள் விரல் கனத்துக்கு வில்லையாக நறுக்கி, தோசைக்கல்லில் நெய்விட்டு இருபுறமும் சிவக்கவைத்து, இந்த விழுதைத் தடவிப் பாருங்கள். சுக்கின் சூடும் மிளகும் அத்தியின் இனிப்பைத் தாங்குகின்றன. வறுத்த ரொட்டி இதற்குப் பக்கத்தில் வராது என்பது என் முடிவான கருத்து. விருந்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டிரண்டு வில்லை வைத்தால் போதும்.

அத்திப் பிஞ்சு கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மோரில் ஊறி வெந்த பிஞ்சை உலர் அத்தியில் பாதி அளவுக்குச் சேர்த்து அரைக்கலாம். இனிப்பு அடங்கித் துவர்ப்பு மேலெழும். சோற்றில் பிசைந்து சாப்பிட இதுவே உகந்தது. சீமை அத்தியும் நாட்டு அத்தியும் ஒரே அம்மியில் சந்திக்கும் அந்த விழுதைத்தான் நான் காஞ்சித் துவையல் என்று சொல்லுவேன்.

அதற்குப் பிஞ்சு வேண்டும், பிஞ்சுக்கு மரம் வேண்டும். நாட்டு அத்தியின் கனத்த கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே ஈரம் உள்ள இடத்தில் துளிர்த்துவிடும். வேகவதிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் அதற்கு இடம் இருக்கிறது. பறவைக்கும் வௌவாலுக்கும் ஆண்டில் பல மாதம் உணவு தரும் மரம் அது. அத்தி வரதர் அடுத்து எழுந்தருளுவது 2059இல். காஞ்சியில் இருப்பவர்களும் காஞ்சிக்குப் போகிறவர்களும் இந்த மழைக்காலத்தில் ஒரு போத்தாவது நடுங்கள். உழவர் சந்தையில் அத்திக்காயைக் கண்டால் விடாமல் வாங்குங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் பறித்து வருகிறவர்களும் இருப்பார்கள்.